ஆள் புழங்காத அறை

லப்பைக்குடிக்காடு
11.8.2024

தம்பி ஷஃபியுல்லாவுக்கு அக்கா சாகிராவின் ஸலாம்.

உன் முதுகுவலி குறைந்ததா? ருமைசாவும் வாசிமும் சுகமா? எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையை அல்லாஹ் வைக்கவில்லை.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் ஒன்று சொல்ல, பக்கத்தில் இருந்து உன் பொண்டாட்டி ஒன்று சொல்ல, போன வாரம் எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி வீட்டு விஷயம் எதுவானாலும் காகிதத்தில்தான். நம் ஊரிலிருந்து கத்தாருக்கு மாதம் நாலு பேர் போகிறார்கள், நாலு பேர் வருகிறார்கள். முறுக்கும் ஊறுகாயும் கொண்டுபோகிற பையில் ஒரு கவர் கனக்காது. இதை அத்னான் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அத்தா வீட்டை இடித்து முடித்து அஸ்திவாரமும் தோண்டியாயிற்று. காண்ட்ராக்டர் முருகையன் வாய் நிறைய வெற்றிலையோடு வருகிறார், குழிக்குள்ளேயே துப்புகிறார். "ஏங்க, வூடு கட்டுற எடத்துல இப்படித் துப்புறீங்களே" என்றேன். "அதான் மண்ணு போட்டு மூடிருவோம்லம்மா" என்கிறார். நீ அரண்மனையே கட்டினாலும் அடியில் அந்த ஆளின் எச்சில்தான் இருக்கும், தெரிந்துகொள்.

நான் இருக்கிற வாடகை வீட்டைப் பற்றிச் சொன்னால் உனக்குச் சாப்பாடு இறங்காது. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. வாசலை ஒட்டிச் சாக்கடை. நேற்று தையல் மெஷின் டிராயரைத் திறந்தால் எலி குட்டி போட்டிருக்கிறது. யாரோ தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணியைக் கடித்து மெத்தை செய்து, அதில் மயிரே முளைக்காத எட்டுக் குட்டி. நூல்கண்டு என்று நினைத்துக் கையால் அள்ளிவிட்டேன். சீ! ரெண்டு நாளாக அந்தக் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை. வீடு முடிகிற வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அத்தா வீட்டில் என் பாகத்தை உனக்கு எழுதிக் கொடுத்த அன்று, பத்திர ஆபீஸ் வாசலில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீ ஹயாத்தா, உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த வூட்டுல உனக்குன்னு ஒரு ரூம் உண்டு" என்று சொன்னாய். பிளானில் என் அறை எது? அத்தா படுத்த இடத்தில் வருகிற அறைதானே? மறக்காமல் எழுது.

உனக்காகத் துஆ செய்கிற
அக்கா சாகிரா


தோஹா
2.9.2024

அன்பு அக்காவுக்கு ஸலாம்.

எல்லோரும் சுகம். என் முதுகு பரவாயில்லை. உன் முட்டிக்கு இங்கிருந்து தைலம் கொடுத்துவிடுகிறேன், ராத்திரி சூடு பறக்கத் தேய்த்துக்கொள்.

அக்கா, நான் கட்டுகிற வீடு மற்றவர்கள் கட்டுகிற வீடு மாதிரி இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஊரான் கட்டடத்து ஏசி குழாய்க்கெல்லாம் போர்வை போர்த்துகிறேன். கண்ணாடிப் பஞ்சு அரித்து அரித்து என் கை ரெண்டும் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்தவன் குளிர்ச்சியாக இருந்தான், நான் அரிப்போடு வந்து படுத்தேன். நம் தெருவில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாற்பது டிகிரி ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடும்பம் நடத்துகிறார்கள்!

நம் வீட்டுக்குச் சுவர் முழுக்க எடை குறைந்த வெள்ளைக் கல். அதற்குள் காற்று அடைபட்டிருக்கும், சூடு சீக்கிரம் உள்ளே வராது. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. தளத்துக்கு மேலே மூணு அங்குலத்துக்குச் சூட்டைத் தடுக்கிற நீல அட்டை, அதற்கு மேல் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை ஓடு. வீடு கொஞ்சக் கரண்டிலேயே குளிர்ந்துவிடும். இதையெல்லாம் வந்து பார்த்துக் கணக்குப் போட்டு நட்சத்திரம் கொடுக்கிற கம்பெனி ஒன்று சென்னையில் இருக்கிறது. அதிகபட்சம் ஐந்து. நம் பக்கத்தில் இதுவரை யாரும் ஐந்து வாங்கியதில்லை என்று என்ஜினீயர் திருமுருகன் சொல்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை மாட்டுவார்கள். நான் செய்த வேலைக்கு எங்கேயும் என் பெயர் இருந்ததில்லை அக்கா. இதில் இருக்கும்.

அத்னான் திரும்பி வரும்போது ஒரு சாமான் கொடுத்துவிடுகிறேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், பயப்படாதே. சுவரைப் பார்த்து அழுத்தினால் எத்தனை டிகிரி என்று காட்டும். வேலை நடக்க நடக்க அளந்து எனக்கு எழுது. உன் பெயருக்குப் பவர் எழுதி அனுப்பியிருக்கிறேன். வீடு சம்பந்தமான எல்லாக் காகிதத்திலும் எனக்குப் பதில் நீ கையெழுத்துப் போடலாம். உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி
ஷஃபியுல்லா


லப்பைக்குடிக்காடு
29.9.2024

ஷஃபிக்கு ஸலாம்.

தைலம் வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, ஆனால் வலிக்குக் கேட்கிறது. வாசிமுக்குக் காய்ச்சல் என்று அத்னான் சொன்னான், இப்போது எப்படி இருக்கிறான்?

துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. முதல் நாள் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டேன். என் கூரைச் சீட்டின் அடிப்பக்கம் ஐம்பத்திரண்டு. சாக்கடை முப்பத்திநாலு. முருகையன் வழுக்கை முப்பத்தாறு. அந்த ஆள் என்னமோ உயிரே போய்விட்ட மாதிரி, "அம்மா, இதெல்லாம் வெளையாட்டா?" என்று குதித்தார். சாக்கடையில் இருக்கிற புழுவுக்குக் கிடைக்கிற குளிர்ச்சி எனக்குக் கிடைக்கவில்லை என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளத்தானா இந்தச் சாமானை அனுப்பினாய்?

வெள்ளைக் கல் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. நீ சொன்னது நிஜம்தான். வெயிலில் நிற்கிற சுவருக்கு உள்பக்கம் கை வைத்தால் சுடவில்லை. கொத்தனார் உத்திராபதி நல்ல வேலைக்காரர், நூல் பிடித்த மாதிரி கட்டுகிறார். உன் என்ஜினீயர் திருமுருகன்தான் எனக்கு ஆகவில்லை. பெரம்பலூரிலிருந்து பைக்கில் வருகிறார், ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. சித்தாள் கலியம்மாள் பக்கத்தில் வந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறார். அவள் சுமந்த கல்லில்தானே உன் நட்சத்திரம் நிற்கப்போகிறது? அந்தப் பொம்பளை உடையார்பாளையத்திலிருந்து வந்து, திங்கள் முதல் சனி வரை இங்கேயே கொட்டகையில் கிடந்து வேலை செய்கிறாள். வேர்க்காமல் என்ன செய்வாள்?

அவரிடம் பிளானைக் கேட்டேன். "சார்கிட்ட கேட்டுக்கங்க ஆன்ட்டி" என்றார். சாரிடம்தான் கேட்கிறேன். நாலு பக்கம் எழுதினாயே, என் அறை எது என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லையா?

அக்கா


தோஹா
10.11.2024

அன்பு அக்காவுக்கு ஸலாம்.

உடனே பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. புது மால் ஒன்றில் வேலை, நாளைக்குப் பதினாலு மணி நேரம். வாசிமுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மழை தொடங்கிவிட்டதா? சிமெண்ட் மூட்டையைத் தரையில் வைக்க விடாதே, அடியில் பலகை போடச் சொல்.

தளம் போடும்போது நீ பக்கத்தில் நில். தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கு விட்டால் சூடு அந்த வழியாக இறங்கிவிடும். நீல அட்டை வந்ததும் ஓரம் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார். ரெண்டு அட்டை சேரும் இடத்தில் டேப் ஒட்ட வேண்டும். உத்திராபதியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டு.

பிறகு அக்கா, நீ கேட்டது. ருமைசாவின் அத்தாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். கீழே அத்தா இருந்த இடத்தில் வருகிற அறையை மாமா மாமிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ருமைசா அபிப்பிராயப்படுகிறாள். உனக்கு மொட்டை மாடியில் தனியாக ஓர் அறை போடச் சொல்லியிருக்கிறேன். காற்று நன்றாக வரும். தையல் மெஷின் சத்தம் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி
ஷஃபியுல்லா


லப்பைக்குடிக்காடு
8.12.2024

ஷஃபிக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள். பதினாலு மணி நேரம் வேலை செய்கிறவன் வேளைக்குச் சாப்பிடு.

என் முட்டியை விசாரிக்க இந்தத் தடவை மறந்துவிட்டாய். மொட்டை மாடிக்கு இருபத்திரண்டு படி. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

காற்று வருமாம்! எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். மாமாவுக்குக் கீழே அறை வேண்டும்தான், நெஞ்சைக் கிழித்துத் தைத்த மனுஷர், நான் மறுக்கவில்லை. அதை ஆகஸ்டிலேயே நேராகச் சொல்லியிருந்தால் "சரிடா" என்றிருப்பேன். மூணு மாதம் இழுத்து, தையல் மெஷின் சத்தத்தை வேறு துணைக்குக் கூப்பிட்டுச் சொல்கிறாய். அந்தச் சத்தத்தில்தானே நீ பத்தாவது படித்தாய்? அம்மா மவுத்தான வருஷம் ராத்திரி முழுக்க நான் மிதிப்பேன், நீ பக்கத்தில் படுத்துத் தூங்குவாய். அப்போது தொந்தரவாக இல்லை.

சரி. மாடி என்றால் மாடி. இருக்க ஓர் இடம், என் பெயரைச் சொல்லி ஒரு கதவு, அவ்வளவுதான் நான் கேட்டது.

நீல அட்டை வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஆறு அட்டை ஓரம் உடைந்திருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். உத்திராபதி அளந்து பார்த்து, "கீழ் வூட்டுத் தளத்துக்குக் கச்சிதமா இருக்கு. மாடி ரூமு தலைக்கும் சுவத்துக்கும் காணாதேம்மா" என்கிறார். கணக்கில் எங்கேயோ தப்பு. மீதி அட்டையை எப்போது அனுப்பச் சொல்கிறாய்?

வெட்டி எறிகிற துண்டுகளை முருகையன் கொளுத்தச் சொன்னார். அந்தப் புகை பிணவாடை அடிக்கிறது. கலியம்மாள் ஓடி வந்து, "எரிக்காதிய, எனக்குக் குடுங்க. எங்க வூட்டுலயும் சீட்டுதான், அடியில கட்டிக்கிறேன்" என்றாள். "இந்தக் குப்பையையா?" என்று நானே முகம் சுளித்தேன். அவள் சாக்கில் கட்டி, சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறாள். கண்டக்டர் கத்துகிறார், இவளும் பதிலுக்குக் கத்துகிறாள்.

அக்கா


தோஹா
20.1.2025

அக்காவுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டி எப்படி?

அட்டைக் கணக்கு சரிதான். மாடி அறை இந்தக் கணக்கில் வராது. பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழ்த் தளத்து வேலையை நோன்புக்கு முன்னால் முடிக்கச் சொல். வெள்ளை ஓட்டில் சிமெண்ட் கறை படக் கூடாது, பட்டால் நட்சத்திரத்தைக் குறைப்பார்கள்.

வேலை அவசரம். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

ஷஃபியுல்லா


லப்பைக்குடிக்காடு
4.4.2025

ஷஃபிக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? வாசிமுக்குச் சட்டை சரியாக இருந்ததா? அவனுக்கு நான் தைத்து அனுப்பிய கடைசிச் சட்டை அதுவாகத்தான் இருக்கும், இனி கடைச் சட்டைதான் போடுவான்.

விவரமாக எழுதுகிறேன் என்றாய். ஜனவரி போய், நோன்பு மாதம் முழுக்கப் போய், பெருநாளும் போய்விட்டது. ஊருக்கு ஏழு பேர் வந்தார்கள். ஏழு வீட்டிலும் போய்க் கேட்டேன், கவர் இருக்கிறதா என்று. ஏழு வீட்டிலும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள்.

அட்டை போட்டது பிப்ரவரியில். உத்திராபதி ஒவ்வோர் அட்டையாகச் சேர்த்து, டேப் ஒட்டி, மாடி அறைச் சுவர் வரைக்கும் வந்து நின்றார். "இதோட முடிஞ்சிச்சும்மா" என்றார். நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் உன் வீடு.

வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டதால் மார்ச் கடைசியில் மாடி அறைக்கு வந்துவிட்டேன். குடிபோகிற வரைக்கும் கீழே யாரும் புழங்கக் கூடாது, டைல்ஸில் கறை படும் என்று ருமைசா திருமுருகனுக்குச் சொல்லியிருக்கிறாளாம். பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். அளந்து எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். நேற்று மத்தியானம் ரெண்டு மணி. கீழே ஹால், ஏசி போடாமல், முப்பத்தொன்று. மாமா அறை முப்பது. என் தலைக்கு மேல் தளம் நாற்பத்தேழு. மேற்குச் சுவர் நாற்பத்துமூணு. காலையில் காய்ச்சிய பால் பத்து மணிக்குத் திரிந்துவிட்டது. சுவரில் ஒரு பல்லி காய்ந்து கருவாடாக ஒட்டிக்கொண்டிருந்தது, கம்பியால் சுரண்டி எடுத்தேன். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். அது காய்ந்ததும் முழிப்பு வந்துவிடுகிறது.

இதெல்லாம் போகட்டும். வெயில் அல்லாஹ் கொடுத்தது. நான் எழுத வந்தது வேறு.

திருமுருகன் முந்தாநாள் நட்சத்திர கம்பெனிக்கான ஃபைலைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். படிக்காமல் போட மாட்டேன் என்று உட்கார்ந்தேன். ஹால், சமையல்கட்டு, மூணு அறை, எல்லாம் இருந்தது. என் அறைக்கு நேராக, "ஸ்டோர், ஆள் புழங்காதது" என்று போட்டிருந்தது. நான் அந்த அறையில், என் கட்டிலில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன்.

"என்னங்க இது?" என்றேன்.

"பேப்பருக்குத்தான் ஆன்ட்டி. ஆள் இருக்கிற ரூம்னு காட்டுனா அதையும் கணக்குல சேத்துருவாங்க. மூணு பக்கம் வெயில்ல நிக்கிற ரூம். அஞ்சு ஸ்டார் மூணாயிடும். அட்டை போட்டாலும் நாலுக்கு மேல வராது."

"தம்பிக்குத் தெரியுமா?"

"சார்தாங்க சொன்னாரு. போன செப்டம்பரே ஸ்டோர்னு போடச் சொல்லிட்டாரு."

செப்டம்பர். உன் நவம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காற்று நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறாய்.

எலிக்குட்டியை அள்ளினபோதுகூட எனக்கு இப்படி அருவருக்கவில்லை ஷஃபி. ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போகவில்லை. அக்காவுக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். நான் இருக்கும்போதே ஆள் இல்லை என்று எழுதி, அதில் என்னையே கையெழுத்தும் போடச் சொல்கிறாய். ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. பதில் வந்த பிறகு பார்க்கலாம்.

சாகிரா


தோஹா
19.4.2025

அன்பு அக்காவுக்கு உன் தம்பி ஸலாம் சொல்லி எழுதுவது. நீ சாப்பிடவில்லை என்று படித்து எனக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்கா, அது வெறும் காகிதம். நீ அங்கேதான் இருக்கப்போகிறாய். யார் உன்னை இல்லை என்று சொன்னது? நட்சத்திரம் வந்து பலகை மாட்டிய பிறகு அந்த அறைக்கு நானே என் கையால் அட்டை போட்டுத் தருகிறேன். ருமைசா வீட்டு ஆட்கள் எல்லோரிடமும் ஐந்து நட்சத்திரம் என்று சொல்லிவிட்டாள். குடிபோகிற பத்திரிகைகூட அடித்தாயிற்று. இப்போது மூணு என்றால் என் முகத்தை எங்கே வைப்பேன்?

மே பத்தாம் தேதி சென்னையிலிருந்து ஆள் வருகிறது. அன்று ஒரு நாள் மட்டும் கட்டிலையும் மெஷினையும் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள். அவர்கள் போனதும் திரும்பக் கொண்டுவந்து போட்டுக்கொள். ஃபைலில் பவர் உள்ள ஆளின் கையெழுத்துக் கட்டாயம். உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. எனக்காக இதுவரை எத்தனையோ செய்தாய், இந்த ஒன்றையும் செய்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி
ஷஃபியுல்லா


உடையார்பாளையம்
12.5.2025

ஷஃபிக்கு ஸலாம். நீயும் உன் பிள்ளையும் நீடூழி வாழத் துஆ செய்கிறேன். அதில் கலப்படம் எதுவும் இல்லை.

உன் வேலை முடிந்தது. ஐந்து நட்சத்திரம் கிடைத்துவிடும் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள். சுவரை, ஜன்னலை, ஓட்டை எல்லாம் அளந்தார்கள். வெள்ளை ஓட்டில் ஒரு கறை இல்லை என்று பாராட்டினார்கள். அதைத் தினமும் துடைத்தவள் சாகிராதான் என்று திருமுருகன் சொல்லவில்லை. கடைசியில் இருபத்திரண்டு படியும் ஏறி மாடி அறைக்கு வந்தார்கள். அதில் ஒரு பொம்பளைப் பிள்ளை, நல்ல பிள்ளை, அந்தச் சூட்டில் துப்பட்டாவால் முகத்தை ஒற்றிக்கொண்டே கேட்டது, "இங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்லம்மா" என்றேன். கையெழுத்துப் போட்டேன். சாகிரா பேகம் என்று முழுப்பெயரும் போட்டேன்.

நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அத்தா நம்மை அப்படி வளர்க்கவில்லை. அதனால் அன்றைக்குக் காலையில் சுபுஹு தொழுத கையோடு அறையைக் காலி செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்கு இல்லை. உத்திராபதி குட்டியானை வண்டி கொண்டுவந்தார். கட்டில், மெஷின், பெட்டி, ரெண்டு பாத்திரம். எல்லாம் ஏற்றியும் வண்டியில் பாதி இடம் மீதி. அறையைக் கூட்டித் துடைத்து, உன் துப்பாக்கியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சாவி அத்னான் வீட்டில் இருக்கிறது. பவர் பத்திரத்தையும் அதோடு வைத்திருக்கிறேன், இனி எனக்கு அது வேண்டாம்.

இங்கே கலியம்மாள் வீட்டில் ஒரு பக்கத்து அறையில் இருக்கிறேன். பர்தாவுக்கும் நைட்டிக்கும் இந்த ஊரிலும் ஆள் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன்.

என்னைத் தேடிக்கொண்டு யாரும் வர வேண்டாம்.

சாகிரா


லப்பைக்குடிக்காடு
15.6.2025

அன்பு அக்காவுக்கு ஸலாம்.

இதை ஆள் கையில் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின நாள் ஊருக்கு வந்தோம். குடிபோனதும் முடிந்தது. பிரியாணி தின்ற அத்தனை பேரும் "சாகிரா எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். முட்டிவலி என்று சொன்னேன். இருநூறு பேருக்கு இருநூறு தடவை சொன்னேன். கடைசியில் என் வாயே எனக்கு நாறியது.

அக்கா, உன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலே ஏறி வந்தேன். ஜன்னல் கட்டையில் துப்பாக்கி இருந்தது. தளத்தைப் பார்த்து அழுத்தினேன். நாற்பத்தெட்டு. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிஷம் தாங்கினேன். நீ ஒன்றரை மாதம் இருந்திருக்கிறாய். கீழே இறங்கி வந்து கொல்லையில் வாந்தி எடுத்தேன். வெயிலுக்கு என்று ருமைசாவிடம் சொன்னேன். வெயிலுக்கு இல்லை. செப்டம்பரிலேயே எல்லாம் தெரிந்துதான் செய்தேன் அக்கா. காற்று வரும் என்று எழுதும்போது என் கை கூசியது. கூசியும் எழுதினேன்.

ஐந்து நாளாக ஒரு கூலியாளையும் சேர்க்காமல் நானே அந்த அறைக்கு அட்டை போட்டேன். தலைக்கு மேல் நாலு அங்குலம், கீழ் வீட்டைவிட ஓர் அங்குலம் கூடுதல். சுவருக்கும் போட்டேன். நேற்று மத்தியானம் அளந்தேன். முப்பது. மாமா அறையும் முப்பதுதான். ஏசியும் மாட்டியிருக்கிறேன். படி ஏறக் கைப்பிடி வைத்திருக்கிறேன்.

உடையார்பாளையம் வரைக்கும் காரில் வந்தேன். தெருமுனையில் உன் மெஷின் சத்தம் கேட்டது. இறங்கி நடக்கத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

வந்துவிடு அக்கா. ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடும். பலகை மாட்டியாகிவிட்டது. அதைக் கழற்ற ருமைசா ஒப்பவில்லை. கம்பெனிக்காரர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம். அதனால் பேப்பரில் அது ஸ்டோராகவே இருந்துவிட்டுப் போகட்டும். நமக்குத் தெரிந்தால் போதாதா? அவர்கள் வருகிற அன்று மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

பதிலை எதிர்பார்த்துத் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிற
உன் தம்பி
ஷஃபியுல்லா


உடையார்பாளையம்
22.6.2025

ஷஃபிக்கு ஸலாம்.

வாந்தி நின்றதா? ஊர்த் தண்ணீர் உனக்கு இப்போது ஒத்துக்கொள்ளாது, காய்ச்சிக் குடி. கார் வந்து நின்றதைக் கலியம்மாளும் பார்த்திருக்கிறாள். "யாரோ கண்ணத் தொடைச்சிக்கிட்டு வண்டியத் திருப்புறாருக்கா" என்றாள். மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். தெரு காலியாக இருந்தது.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். மூணு பக்கம் வரைக்கும் என் தம்பி எழுதியிருக்கிறான். அது வரைக்கும் அழுதேன். பெட்டியைக்கூட எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாள் நான் இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதானே? பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன்.

இங்கே கூரை சீட்டுதான். ஆனால் உன் வீட்டில் கொளுத்தச் சொன்ன நீலத் துண்டுகளை, கை அகலம், முழ அகலம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, சீட்டுக்கு அடியில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறாள் கலியம்மாள். ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை. இடுக்கில் டேப் ஒட்ட வேண்டும் என்று நீ எழுதினது ஞாபகம் வந்து, நான் ஏணியில் ஏறி ஒட்டினேன். அளக்கத் துப்பாக்கி இல்லை, அதனால் எத்தனை டிகிரி என்று தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் தூக்கம் வருகிறது.

மாடி அறைக்கு நாலு அங்குலம் போட்டிருக்கிறாய். நல்லது. ஸ்டோரில் வைக்கிற சாமான் கெடாது.

அறை குளிர்ந்துவிட்டது என்பதற்காக நான் வர முடியாது ஷஃபி. ஆள் புழங்காத இடம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே வந்து ஒரு ராத்திரி படுத்தாலும் அது பொய்யாகிவிடும்.

ருமைசாவுக்கும் வாசிமுக்கும் என் ஸலாம்.

சாகிரா